சாட்சியும் முன்னிலையும்

தமிழில் ஆணையிடுவதற்குப் பேச்சுவழக்கில் உள்ள சொல் ‘சத்தியம்’. உண்மை என்று பொருள்படும் வடசொல் ஒன்று, தமிழில் ‘செய்’ என்னும் வினையோடு சேர்ந்து ஒரு செயலாகிவிட்டது. விளையாட்டில் சந்தேகம் எழும்போது ஒரு குழந்தை இன்னொரு குழந்தையிடம் கையை நீட்டி, “சத்தியம் பண்ணு” என்கிறது. சாமி மேல் சத்தியம், அம்மா மேல் சத்தியம், பெற்ற பிள்ளை மேல் சத்தியம், உண்கிற சோற்றின் மேல் சத்தியம் என்று அந்த வாக்கியம் பல வடிவம் கொள்ளும். எதன்பேரில் ஆணையிடப்படுகிறதோ, அதனுடன் ‘மேல்’ என்னும் சொல்லுருபு ஒட்டிக்கொள்கிறது. அந்த இடத்தில் தெய்வமும் நிற்கலாம், சோறும் நிற்கலாம்.

வாக்குக் கொடுப்பதற்கு இன்னோர் இடமும் தேவை. “வாக்குக் கொடுத்துவிட்டேன்” என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் உடனே எழுப்பும் கேள்வி “யாருக்கு?” என்பது. இங்கே வருவது நான்காம் வேற்றுமை உருபாகிய ‘கு’. அந்த வேற்றுமைக்குரிய பொருள்களுள் நன்னூல் முதலில் எண்ணுவது கொடை. ‘மேல்’ இல்லாமல் வாக்குக் கொடுக்க முடியும். மக்கள் நாள்தோறும் அப்படித்தான் கொடுக்கிறார்கள். ‘கு’ இல்லாமல் கொடுக்க முடியாது. பெறுபவர் இல்லாத இடத்தில் கொடையும் இல்லை.

மதம் இல்லாமல் அறம் நிற்குமா என்னும் நெடுங்கால விவாதத்தை இந்தச் சிறிய இலக்கண வேறுபாட்டின் வழியே அணுகலாம். அந்த விவாதத்தின் பெரும்பகுதி ‘மேல்’ என்னும் இடத்தில் யாரை நிறுத்துவது என்பதைப் பற்றியே நடந்து வந்திருக்கிறது. ‘கு’ என்னும் இடத்தில் நிற்கும் மனிதர் அதில் அடிக்கடி மறக்கப்பட்டிருக்கிறார்.

சமயப் பொறை பற்றிய ஜான் லாக்கின் மடல் 1689-இல் வெளிவந்தது. வெவ்வேறு சமயக் குழுக்கள் ஒன்றையொன்று துன்புறுத்தாமல் வாழ வேண்டும் என்று வாதாடிய அந்த நூல், கடவுள் மறுப்பாளருக்கு அந்தப் பொறையை வழங்க மறுத்தது. வாக்குறுதி, ஒப்பந்தம், ஆணை ஆகியவையே மனித சமூகத்தைப் பிணைத்து வைத்திருக்கின்றன. கடவுளை மறுப்பவரை இவை கட்டுப்படுத்தா என்பது லாக் கூறிய காரணம். நாத்திகரின் கருத்து தவறானது என்ற அளவில் அவர் நிற்கவில்லை. நாத்திகரின் சொல்லை நம்ப முடியாது என்றார். மேலே சாட்சி இல்லையென்றால் கீழே வாக்கு இல்லை என்னும் கொள்கையின் மிகத் தெளிவான வடிவம் இது.

இக்கொள்கை ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் பிரிட்டன் நாடாளுமன்றத்தில் சோதனைக்கு உள்ளானது. 1880-இல் நார்தாம்ப்டன் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட சார்லஸ் பிராட்லா, வெளிப்படையான கடவுள் மறுப்பாளர். கடவுளின் பெயரால் ஆணையிடுவதற்குப் பதிலாக உறுதிமொழி கூற அனுமதி கேட்டார், அது மறுக்கப்பட்டது. அப்படியானால் வழக்கமான ஆணையையே ஏற்கிறேன் என்றார்; நம்பிக்கையில்லாதவர் வாயில் அந்த ஆணை பொருளற்றது என்று அதையும் மறுத்தார்கள். அவருடைய இடம் பறிபோனது. இடைத்தேர்தல்களில் அதே தொகுதி மக்கள் மீண்டும் மீண்டும் அவரையே அனுப்பினார்கள். 1886-இல்தான் அவரால் இருக்கையில் அமர முடிந்தது. உறுதிமொழியை ஆணைக்கு மாற்றாக ஏற்கும் சட்டம் 1888-இல் அவருடைய முயற்சியாலேயே நிறைவேறியது.

இந்த ஆறாண்டுக் காட்சியில் ஒரு முரண் உண்டு. பிராட்லா மனத்தில் நம்பாத சொற்களை முதலிலேயே முணுமுணுத்திருந்தால் எந்தத் தடையும் இருந்திருக்காது. தம் நிலையை மறைக்காமல் சொன்னதால் நம்பத்தகாதவர் ஆனார். பொய்யைத் தடுப்பதற்காக ஏற்பட்ட சடங்கு, உண்மை பேசியவரைத் தண்டித்தது. நார்தாம்ப்டன் வாக்காளர்களுக்கோ அவர் எதன் மேல் ஆணையிடுகிறார் என்பது பெரிதாகத் தெரியவில்லை. தங்களுக்கு அவர் கொடுத்த வாக்கை மட்டுமே அவர்கள் எடைபோட்டார்கள்.

அதே 1888-ஆம் ஆண்டில், குஜராத்தி இளைஞர் ஒருவர் லண்டனுக்குக் கப்பலேறினார். மோகன்தாஸ் காந்தி புறப்படுவதற்கு முன், மதுவையும் பெண்ணையும் புலாலையும் தொடுவதில்லை என்று தாய் புத்லிபாயிடம் மூன்று வாக்குகள் கொடுத்தார். அவற்றைச் செய்வித்தவர் பேச்சர்ஜி சுவாமி என்னும் சமணத் துறவி. ஆக, ஒரு சமயச் சாட்சி அங்கே இருந்தார். ஆனால் லண்டனில் அந்த வாக்கு நெருக்கடிக்கு உள்ளானபோது காந்தி நாடியது யாரை என்பதே கவனிக்கத்தக்கது.

புலால் என்பதற்குப் பல வரையறைகள் உண்டு என்று இங்கிலாந்தின் சைவ உணவாளர்களிடமிருந்து அவர் அறிந்தார். பறவை, விலங்கு ஆகியவற்றின் இறைச்சி மட்டுமே புலால் என்னும் வரையறைப்படி முட்டை தடையில்லை. அதை ஏற்றுச் சிறிது காலம் முட்டை உண்டார். பிறகு தம் தன்வரலாற்றில் எழுதியபடி, ஓர் உண்மை அவருக்குப் புலப்பட்டது: தம் வாக்கின் பொருளை முடிவு செய்ய வேண்டியது அகராதியோ அறிஞரோ அல்லர், அந்த வாக்கைப் பெற்ற தாய். தாயின் எண்ணத்தில் முட்டையும் புலாலே. முட்டையை விட்டார். எழுத்தறிவற்ற தாய்க்குக் கொடுத்த வாக்குக்கு என்ன மதிப்பு என்று நண்பர் ஒருவர் ஏளனம் செய்ததும் அவரை அசைக்கவில்லை. துறவியின் முன்னிலையில் தொடங்கிய வாக்கு, தாயின் மனத்தில் தன் பொருளைக் கண்டது. ‘மேல்’ என்பதைக் காட்டிலும் ‘கு’ வலிமையுடையது என்பதற்கு, ஆழ்ந்த சமயப் பற்றுள்ள ஒருவரின் வாழ்விலிருந்தே கிடைக்கும் சான்று இது.

1891-இல் பிராட்லா இறந்தபோது அவருடைய அடக்கத்துக்குச் சென்ற இந்தியருள் காந்தியும் ஒருவர். இந்தியர் நலனுக்காக நாடாளுமன்றத்தில் குரல் கொடுத்தவர் என்னும் நன்றி அவர்களை அங்கே கூட்டியது. திரும்பும் வழியில் ரயில் நிலையத்தில் நாத்திகர் ஒருவர் பாதிரியார் ஒருவரை மடக்கி மடக்கிக் கேள்வி கேட்டதைக் காந்தி கண்டார்; அந்த உரையாடல் நாத்திகத்தின் மீது தமக்கிருந்த வெறுப்பை மேலும் கூட்டியது என்று எழுதியிருக்கிறார். எனினும் பிராட்லா அவர் நினைவிலிருந்து அகலவில்லை. 1931 டிசம்பரில், வட்டமேசை மாநாடு முடிந்து திரும்பும் வழியில், சுவிட்சர்லாந்தின் லொசானில் ஆற்றிய உரையில், கடவுளே உண்மை என்னும் தம் பழைய கூற்றை ‘உண்மையே கடவுள்’ என்று ஏன் புரட்டிப் போட்டார் என்பதை விளக்கினார். கடவுளை மறுப்போர் உண்டு. உண்மையின் தேவையை அவர்களும் மறுப்பதில்லை என்பது அவருடைய வாதம். அந்த இடத்தில் அவர் நினைவுகூர்ந்தது பிராட்லாவை. தம்மை நாத்திகர் என்று மகிழ்ச்சியோடு அழைத்துக்கொண்ட அவரை, உண்மைக்கு அஞ்சியவர் என்றே தாம் கருதுவதாகச் சொன்னார்.

எழுவாயும் பயனிலையும் இடம் மாறிய அந்த வாக்கியம் வெறும் சொல் விளையாட்டன்று. கடவுளே உண்மை என்றால், கடவுளை ஏற்காதவர் உண்மைக்கும் வெளியே நிற்கிறார். லாக்கின் முடிவு அப்படியே எஞ்சுகிறது. உண்மையே கடவுள் என்றால், உண்மையை நாடும் எவரும் உள்ளே வந்துவிடுகிறார்.

ஆனால் வாக்கியத்தைத் திருப்பியதால் பழைய பழக்கம் உடனே மாறிவிடவில்லை. 1934 ஜனவரி 15-ஆம் நாள் பிஹாரைப் பெரும் நிலநடுக்கம் சிதைத்தது. அப்போது தீண்டாமை ஒழிப்புச் சுற்றுப்பயணத்தில் தமிழகத்தில் இருந்த காந்தி, திருநெல்வேலிக் கூட்டத்தில் பேசுகையில், தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கடவுள் அனுப்பிய தண்டனை அது என்றார். இரவீந்திரநாத் தாகூர் அதை வெளிப்படையாக மறுத்தார். அந்த மறுப்பைக் காந்தி தம் ‘ஹரிஜன்’ இதழிலேயே வெளியிட்டுப் பதிலும் எழுதினார். தாகூர் கடவுள் மறுப்பாளர் அல்லர். தீண்டாமையை எதிர்ப்பதில் இருவருக்கும் வேறுபாடில்லை. தாகூரின் கவலை வேறு: இயற்கை நிகழ்வுகளுக்கு இயற்கைக் காரணங்களே உண்டு, இப்படிப்பட்ட வாதத்தை ஏற்றால், காந்தியின் எதிரிகளும் அதே நிலநடுக்கத்தைக் காட்டி, சாதி ஒழுங்கைக் குலைத்ததற்குக் கிடைத்த தண்டனை என்று சொல்ல முடியும்.

‘மேல்’ என்னும் இடத்தின் பலவீனம் இங்கே வெளிப்படுகிறது. மேலே இருக்கும் சாட்சி பேசுவதில்லை. அவர் சார்பில் பிறர் பேசுகிறார்கள். ஒரே தெய்வத்தின் பெயரால் கோயில் கதவைத் திறக்கவும் கேட்டார்கள், அடைக்கவும் கேட்டார்கள். இரு தரப்புக்கும் இடையில் தீர்ப்புச் சொல்ல வேறோர் அளவுகோல் தேவைப்பட்டது. கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மனிதரின் அவமானமே அந்த அளவுகோல். அந்த மனிதர் படர்க்கையில் இருக்கும்வரை விவாதம் சாத்திரத்தைப் பற்றியதாக இருந்தது. அவர் முன்னிலைக்கு வந்து நின்றபோது அது அறத்தைப் பற்றியதாக மாறியது.

இந்தப் பின்னணியில்தான் கோரா என்னும் கோபராஜு ராமச்சந்திர ராவின் வாழ்வு பொருள் பெறுகிறது. 1902-இல் பிறந்த தெலுங்கர், தாவரவியல் ஆசிரியர், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சிறிது காலம் கற்பித்தவர். கடவுள் மறுப்புக் கருத்துகளால் பிற்காலத்தில் கல்லூரிப் பணியை இழந்தவர். 1940-இல் கிருஷ்ணா மாவட்டத்தின் முதுனூரில் அவரும் மனைவி சரஸ்வதி கோராவும் நாத்திக மையத்தைத் தொடங்கினார்கள். 1947-இல் அது விஜயவாடாவுக்கு இடம்பெயர்ந்தது. தீண்டாமை ஒழிப்பும் சமபந்தியும் முதியோர் கல்வியும் அவர்களுடைய அன்றாடப் பணிகள். உப்புச் சத்தியாகிரகம் நடந்த காலத்தில் பிறந்த மகனுக்கு லவணம் என்று பெயரிட்ட குடும்பம் அது.

கோரா காந்தியைச் சந்திக்க விரும்பி 1941-இல் எழுதியபோது, நாத்திகம் தன்னையே மறுப்பது என்னும் கருத்தோடு காந்தி அந்த வேண்டுகோளைத் தள்ளிவிட்டார். சந்திப்பு 1944-இன் இறுதியில் சேவாகிராமத்தில் நிகழ்ந்தது. கோரா தத்துவத்திலிருந்து தொடங்கவில்லை. 1943 பஞ்சத்தின்போது கல்கத்தாத் தெருக்களில், உணவு இருந்த கடைகளின் முன்னாலேயே மக்கள் பசியால் மடிந்ததைச் சொன்னார். எல்லாம் விதி என்று ஏற்கக் கற்ற மனம், வாழும் உரிமையைக் கூடக் கேட்க மறந்துவிடுகிறது என்பது அவர் வாதம். மனிதர் முதலில் தம்மை இந்து என்றும் முஸ்லிம் என்றும் கிறிஸ்தவர் என்றும் எண்ணுவதை விட்டு மனிதர் என்று எண்ணவே நாத்திகம் வேண்டும் என்றார். காந்தி உடன்படவில்லை; உரையாடலை முறிக்கவும் இல்லை. தம் ஆத்திகம் சரி என்றோ கோராவின் நாத்திகம் தவறு என்றோ தம்மால் அறுதியிட முடியாது. இருவரும் உண்மையைத் தேடுபவர்களே என்னும் இடத்துக்கு அவர் வந்து சேர்ந்தார். இந்தச் சந்திப்புகளைக் கோரா பதிவு செய்த ஆங்கில நூல் 1951-இல் வெளிவந்தது.

அந்த நட்பின் உரைகல் ஒரு திருமணம். தம் மகள் மனோரமாவைத் தலித் இளைஞரான அர்ஜுன ராவுக்கு மணம் செய்துவைக்கக் கோரா முடிவு செய்தார். காந்தி அந்தத் திருமணத்தைச் சேவாகிராமத்தில் தாமே நடத்திவைக்க இசைந்தார். வழக்கமான மண உறுதிமொழியில் கடவுளின் பெயர் வரும். நாத்திகக் குடும்பத்தை அதைச் சொல்லவைப்பது பொய் சொல்லவைப்பதாகும். அந்த இடத்தில் கடவுள் என்னும் சொல்லை நீக்கி, உண்மை என்னும் சொல்லை வைக்கலாம் என்று காந்தி ஏற்றுக்கொண்டார். 1948 ஜனவரி 30-ஆம் நாள் அவர் கொல்லப்பட்டார். மார்ச் மாதத்தில் அதே ஆசிரமத்தில் அந்தத் திருமணம் நடந்தது. நடத்திவைப்பதாகச் சொன்னவர் இல்லை, சொன்ன வாக்கு நின்றது.

உறுதிமொழியில் ஒரு சொல் மாறியது. மணமகன் மணமகளுக்கும் மணமகள் மணமகனுக்கும் கொடுத்த வாக்கில் எதுவும் குறையவில்லை. நூற்றாண்டுகளாகத் தெய்வ சாட்சியோடு நடந்த எண்ணற்ற திருமணங்கள் காத்துவந்த சாதி எல்லையை, தெய்வ சாட்சியின்றி நடந்த இத்திருமணம் கடந்தது. லாக் இதைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது வீண் ஊகம். ஆனால் அவருடைய கொள்கைக்கு இதைக் காட்டிலும் நேரான மறுப்பு அரிது.

இவ்வளவோடு நிறுத்தினால் அது ஒருதலைப்பட்சமாகிவிடும். மதத்தின் தரப்பில் வலுவான வாதம் ஒன்று உண்டு. அது லாக்கின் வாதத்திலிருந்து வேறுபட்டது. மனிதச் சாட்சிகள் அனைத்தும் வலியவரின் கையில் இருக்கும்போது எளியவர் யாரை அழைப்பார்? பத்திரம் நிலக்கிழாரிடம், கணக்கு வட்டிக்காரரிடம், ஊர்ச்சபை ஆதிக்க சாதியிடம். அத்தகைய ஊரில், கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றி “நீ இதை அணைத்துச் சொல்” என்று கேட்பது ஒன்றே கடனாளிப் பெண்ணுக்கு எஞ்சியிருக்கும் நீதிமன்றமாக இருக்கலாம். “சாமி பார்த்துக்கொள்ளும்” என்பது பல நேரங்களில் கையறுநிலையின் சொல். சில நேரங்களில் வலியவரை ஒரு கணம் தயங்கவைக்கும் ஒரே சொல். உளவியலாளர் அரா நோரென்சயான், கண்காணிக்கும் பெருந்தெய்வங்கள் பற்றிய நம்பிக்கையே அறிமுகமற்றோர் பெருந்திரளாக ஒத்துழைத்து வாழ்வதற்குத் துணைநின்றது என்று 2013-இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். வரலாற்றில் எது முன், எது பின் என்பது இன்றும் விவாதத்துக்குரியது. பார்க்கப்படுகிறோம் என்னும் உணர்வு நடத்தையை மாற்றும் என்பதை ஒதுக்கிவிட முடியாது.

ஆயினும் கடனாளிப் பெண் சாமியை எதற்காக அழைக்கிறாள் என்பதைப் பார்க்க வேண்டும். தனக்குக் கொடுத்த வாக்கு தனக்குக் கொடுத்ததாக மதிக்கப்படாததால் அழைக்கிறாள். அவள் முன்னிலையாக ஏற்கப்பட்டிருந்தால், படர்க்கையில் ஒரு சாட்சியைத் தேட வேண்டியிருந்திராது. மதம் அங்கே அறத்தைத் தோற்றுவிக்கவில்லை. மறுக்கப்பட்ட ‘கு’ ஒன்றை ‘மேல்’ ஒன்றின் வழியே மீட்டுத்தர முயல்கிறது. அந்த முயற்சி மதிப்புக்குரியது. அதன் தேவை நீடிப்பதோ சமூகத்தின் குறை.

இந்தியக் குடியரசு தன் சட்டங்களில் இந்தச் சிக்கலைத் தீர்த்த விதமும் எண்ணிப்பார்க்கத்தக்கது. 1949 அக்டோபர் 17-ஆம் நாள், அரசமைப்பின் முகவுரை கடவுளின் பெயரால் தொடங்க வேண்டும் என்னும் திருத்தத்தை எச்.வி. காமத் அரசமைப்பு அவையில் முன்மொழிந்தார். நம்பிக்கை உள்ளத்தின் ஆழத்துக்குரியது, அதைப் பிறர் மேல் சுமத்தலாகாது என்று சொல்லி எதிர்த்தோருள் நம்பிக்கையாளர்களும் இருந்தார்கள். ஆதரவாக 41 பேரும் எதிராக 68 பேரும் வாக்களித்தனர், திருத்தம் தோற்றது. முகவுரை இன்று தொடங்குவது தன்மைப் பன்மையில்: ‘இந்திய மக்களாகிய நாம்’. முடிவதும் அதே மக்கள் அதைத் தமக்கே வழங்கிக்கொள்வதாகச் சொல்லித்தான். கொடுப்பவரும் பெறுபவரும் மக்களே. ‘மேல்’ என்னும் இடம் வெற்றாக விடப்பட்டிருக்கிறது.

பதவியேற்பு உறுதிமொழிக்கோ மூன்றாம் அட்டவணை இரு வழிகளையும் திறந்து வைத்தது. தமிழில் ஒருவர் ‘கடவுள் அறிய’ என்று சொல்லலாம். இன்னொருவர் ‘உளமார’ என்று சொல்லலாம். முன்னது அறிபவரை வெளியே வைக்கிறது, பின்னது உள்ளே. இரண்டுக்கும் இடையே தமிழ் ஏற்கெனவே ஒரு பாலம் கட்டி வைத்திருக்கிறது: மனச்சாட்சி. நீதிமன்றத்துக்குரிய ‘சாட்சி’ என்னும் சொல்லையே எடுத்து மனத்துக்குள் குடியேற்றிய கூட்டுச்சொல் அது. 1969-ஆம் ஆண்டின் ஆணைகள் சட்டம் இன்னும் ஒரு படி முன்னே செல்கிறது. ஆணையோ உறுதிமொழியோ எடுக்கத் தவறினாலும் உண்மை கூறும் கடமை நீங்காது என்கிறது. அதாவது, கடமை ஆணையிலிருந்து பிறப்பதில்லை. ஆணை அக்கடமையை நினைவூட்டுகிறது, அவ்வளவே.

ஆத்திகர் அறமுடையவரா, நாத்திகர் அறமுடையவரா என்று கேட்பதில் பெரும்பயன் இல்லை. புத்லிபாயின் மகனும் கோராவும் தத்தம் ‘மேல்’ எது என்பதில் இறுதிவரை வேறுபட்டே நின்றார்கள். தம் சொல் யாரைச் சென்று சேர்கிறதோ, அவரே அதன் பொருளைச் சோதிக்கலாம் என்று இருவரும் ஒப்புக்கொண்டிருந்ததால் அந்த வேறுபாடு நட்பைக் கெடுக்கவில்லை. பதவியேற்பு நாளில் ‘கடவுள் அறிய’ என்றாரா, ‘உளமார’ என்றாரா என்று செய்தியாளர்கள் குறித்துக்கொள்கிறார்கள். அந்த உறுதிமொழியைப் பெற்றுக்கொண்ட மக்கள், ஐந்தாண்டுகள் கழித்து வேறொரு கேள்வியோடு வரிசையில் நிற்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பதற்கும் தமிழில் ‘வாக்கு’ என்றே பெயர்.